சினிமா வினாவுக்கு ஒரு காட்சியைப் படிக்கும் விதம்

உயர்தரத்தில் ஊடகக் கற்கை எடுத்திருக்கும் மலையகத் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நானும் ஹட்டனில் அந்தப் பாடத்தைப் படித்தவள்தான். "ஒளிப்பதிவு அருமை, இசை அருமை" என்று பக்கம் நிறைய எழுதினாலும் புள்ளி ஏறாது. அந்த ஒளியும் ஒலியும் நம்மை எப்படிக் கதைக்குள் இழுத்தன என்று காட்ட வேண்டும்.

அதற்குப் பத்துப் படம் பார்க்கத் தேவையில்லை. ஒரு நல்ல படத்தில் ஒரு காட்சி போதும். முதலில் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டுப் பாருங்கள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்து, காதால் மட்டும் கேளுங்கள். கேட்கும் ஒவ்வொரு சத்தத்தையும் கொப்பியில் எழுதுங்கள். கடைசியில் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

நான் இப்படிப் படித்தது வங்காள இயக்குநர் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யை (1955). மகள் துர்கா இறந்தது தெரியாமல் அப்பா ஹரிஹர் வெளியூரிலிருந்து வருகிறார். வாங்கி வந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். மகளுக்கு வாங்கிய சேலையை நீட்டும்போது அம்மா சர்வஜயா உடைந்துபோகிறாள். அவள் கதறுவது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் குரல் கேட்பதில்லை. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்ற நரம்புக் கருவிதான் அழுகிறது. அவள் குரலை எடுத்துவிட்டதால், நாம் அறிந்த ஏதோவொரு தாயின் அழுகை அங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது. தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து பையோடு வரும் அப்பாவுக்காக லயத்து வாசலில் காத்திருந்த பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விடையில் எழுத வேண்டியது இதைத்தான்: என்ன செய்தார்கள், எந்த இடத்தில், அதனால் நமக்குள் என்ன நடந்தது.

ஒளியைப் படிக்க நம் ஊரே நல்ல வகுப்பறை. மலையில் பனிமூட்டம் இறங்கியதும் கொழுந்து எடுக்கிறவர்களின் நிழல் மறைந்து, முகத்தில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெளிச்சம் விழும். வெயில் வந்ததும் அதே முகத்தில் பாதி இருட்டாகிவிடும். இரண்டையும் நின்று பாருங்கள். அதே ராயின் 'அபராஜிதோ'வுக்காக (1956) காசி வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவுக்குள் அமைத்தபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, கீழிருந்து விளக்கை அதில் அடித்து, திரும்பி விழும் மென்மையான வெளிச்சத்தில் படம் எடுத்தார். அது செட் என்பதே நமக்கு உறைக்காது. அப்படி மறக்கவைக்கிற வேலைதான் எனக்குப் பெரிய கலையாகப் படுகிறது.

நம் நாட்டு உதாரணம் வேண்டுமென்றால் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' (1956) இருக்கிறது. ஸ்டூடியோவை விட்டு, உண்மையான கிராமத்துக்கே கெமராவைக் கொண்டுபோன சிங்களப் படம் அது.

பரீட்சையில் படத்தின் பெயர், ஆண்டு, இயக்குநர் எல்லாவற்றையும் முதல் வரியிலேயே முடித்துவிடுங்கள். கதைச் சுருக்கத்துக்கு இரண்டு வரிக்கு மேல் கொடுக்காதீர்கள். மிச்ச இடம் முழுவதும் நீங்கள் படித்த அந்த ஒரு காட்சிக்குத்தான்.