அப்பாவின் பைபாஸ் திகதி

2020 மார்ச் 20 மாலை, கொரோனாவால் இலங்கை முழுக்க ஊரடங்கு. அப்பாவின் இதய பைபாஸ் சத்திரசிகிச்சை ஏப்ரலில் நடக்கவிருந்தது. "பிறகு சொல்லுறம்" என்று ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்னார்கள், அவ்வளவுதான்.

அந்த மாதங்களில் விறாந்தையிலிருந்து படலைக்குப் போவதற்குள் அப்பா இரண்டு தரம் நிற்பார். ஒரு கை மாமரத்தில், மற்றக் கை நெஞ்சில். கேட்டால் "ஒண்டுமில்லை, வாய்வு" என்பார். நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசைப் போத்தல் சட்டைப் பையில் கிலுங்கும். அந்தச் சத்தம் இன்றும் காதில் இருக்கிறது.

தள்ளிப்போட்டார்களே என்று அப்போது சரியான கோபம். காரணம் பிறகுதான் விளங்கியது. இதயத்தை நிறுத்தி, இரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட்டுச் செய்யும் சத்திரசிகிச்சையில் நுரையீரலும் களைத்துப்போகும். அதோடு கொரோனாவும் சேர்ந்தால்? 2020 மே மாதம் லான்செட் மருத்துவ இதழில் 24 நாடுகளின் 1128 நோயாளிகள் பற்றிய ஆய்வு வந்தது. சத்திரசிகிச்சையை ஒட்டித் தொற்று வந்தவர்களில் 23.8 வீதமானோர் 30 நாட்களுக்குள் இறந்திருந்தார்கள். எல்லா வகைச் சத்திரசிகிச்சையும் சேர்ந்த கணக்கு அது. தொற்று வந்தால் முடிந்தவரை 7 கிழமையாவது பொறுக்கச் சொன்னது அடுத்த வருட ஆய்வு.

ஆனால் பொறுத்திருப்பதும் ஆபத்துத்தான். நெஞ்சு நோவோடு, ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து வீட்டிலேயே கிடந்தவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தார்கள்.

அப்பா தப்பிவிட்டார். அடுத்த கிழமை மாமிக்கு இதய வால்வு மாற்றுகிறார்கள். பார்க்க வர நினைக்கும் உறவுகளே, தடிமன் இருமல் என்றால் தயவுசெய்து வீட்டிலேயே நில்லுங்கோ. மாமியோடு போனில் கதையுங்கோ, அவ சந்தோசப்படுவா.