முப்பது மைக்ரான்

மரத்துப்போகும் சொட்டு மருந்தை விட்டு அரை நிமிடம் பொறுத்தால் போதும். கண்ணின் முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கும் கருவிழிப் படலத்தின் (கார்னியா) தடிமனை ஒலி அலையால் அளக்கும் கருவி பேக்கிமீட்டர். பேனா மாதிரி இருக்கும் அதன் புரோபை கருவிழியின் நடுவில், தொட்டும் தொடாமலும் வைப்போம். 'பீப்' என்று சத்தம் வரும், திரையில் எண் விழும். இதற்கு என்ன பெரிய படிப்பு வேண்டிக்கிடக்கிறது என்றுதான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நினைத்தேன்.

ஒருநாள் அறுபது வயது அம்மா ஒருவருக்குக் கண் பிரஷர் 22, கொஞ்சம் கூடுதல். பேக்கிமீட்டரில் 561 மைக்ரான் வந்தது (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சராசரி 540 பக்கம்தான். "கருவிழி தடிமன், அதனால்தான் பிரஷர் கூடுதலாகக் காட்டுது" என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். சீனியர் அக்கா சீட்டைப் பார்த்துவிட்டு, "திரும்ப வை, நேரா வை" என்றார். ஐந்து முறை வைத்தோம். குறைந்தபட்சமாக 531 வந்தது.

என் கை சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். ஒலி அலை சாய்வாகப் போனால் கடக்கும் தூரம் கூடும், எண்ணும் கூடும். நடுவை விட்டு ஓரத்துக்கு நகர்ந்தாலும் அதே கதை, ஓரத்தில் கருவிழி இயல்பாகவே தடிமன்.

முப்பது மைக்ரான் என்பது தலைமுடியில் பாதிகூடத் தேறாது. ஆனால் பிரஷர் பார்க்கும் கோல்ட்மேன் கருவி சுமார் 520 மைக்ரான் தடிமனை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. தடித்த கருவிழி அழுத்தினால் எளிதில் வளையாது, பிரஷர் கூடுதலாகத் தெரியும். மெல்லியது உள்ளதைக் குறைத்துக் காட்டும். பிரஷர் கூடுதலாக இருப்பவர்களில் மெல்லிய கருவிழிக்காரர்களுக்கே பார்வை நரம்பைக் கெடுக்கும் குளுக்கோமா வரும் அபாயம் அதிகம் என்று 2002-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வும் சொன்னது. அந்த அம்மாவை "பயமில்லை" என்று அனுப்பியிருப்பேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

நேரமும் விளையாடும். தூங்கி எழுந்ததும் கருவிழி லேசாக வீங்கியிருக்கும். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிய கையோடு வந்து உட்காருபவர்களும் உண்டு. அவர்களை இன்னொரு நாள் வரச் சொன்னால் எங்கள் மேல்தான் கோபம்.

போன மாதம் லேசிக், அதாவது பார்வைக் குறையைச் சரிசெய்யக் கருவிழியை லேசரால் செதுக்கும் சிகிச்சை, செய்துகொள்ள ஒரு தம்பி வந்தான். வயது 23, பவர் மைனஸ் 5. இந்த முறை கை சாயவில்லை: 478. மனக்கணக்குப் போட்டேன். செதுக்குவதற்கு முன் மூடி மாதிரி மேலே தூக்கும் மடலுக்கு 110, செதுக்குவது ஒரு பவருக்கு 15 என்று வைத்தால் 75. மிச்சம் 293. குறைந்தது 250 இருக்க வேண்டும் என்பார்கள், தேறிவிடும் போலத்தான் இருந்தது. டாக்டர் அந்தக் கணக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கருவிழி கூம்பாகப் பிதுங்கும் கெரட்டோகோனஸ் தொடங்குகிறதா என்று பார்க்க, கருவிழியின் வடிவத்தை வரைபடமாகக் காட்டும் டோபோகிராபி பரிசோதனை எழுதினார்.

"கண்ணைக் கசக்குற பழக்கம் இருக்கா தம்பி?"

"அதெல்லாம் இல்ல சார்" என்றான். பின்னால் நின்ற அவன் அம்மா என்னைப் பார்த்து, தலையை மேலும் கீழும் ஆட்டினார்.