கார்ப்பரேட்டர் இல்லாத தெரு

அம்மாவின் வாக்காளர் அட்டை பீரோவில் ரேஷன் அட்டைக்கும் கேஸ் புத்தகத்துக்கும் நடுவே இருக்கிறது. எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தல்களுக்கெல்லாம் வெளியே வந்தது. பெங்களூரு மாநகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டுக்காகக் கடைசியாக வந்தது 2015 ஆகஸ்ட் 22, சனிக்கிழமை.

அம்மாவுக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. வாக்குச்சாவடி வரிசையில் நின்றபடி சீட்டில் இருந்ததை நான் படித்துக் காட்ட முயன்றேன். "சின்னம் எனக்குத் தெரியும், நீ சும்மா இரு" என்று எல்லோர் முன்னும் அதட்டிவிட்டார். அன்று இரவு சப்பாத்தி மாவு பிசையும்போது மை வைத்த இடது ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு பிசைந்தார். மை அழிந்துவிடக் கூடாதாம்.

அப்போது மாநகராட்சிக்கு 198 வார்டுகள். அவற்றில் பாதி பெண்களுக்கு. நகரத்தில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். எங்கள் அல்சூர் சந்தில் படுக்கையில் இருந்த பாட்டியைத் தவிர எல்லோரும் போனோம். காரணம் இருந்தது. காலை ஏழு மணிக்குக் கார்ப்பரேட்டர், அதாவது வார்டு கவுன்சிலர், வீட்டு வாசலில் போய் நிற்கலாம். தமிழில் சொன்னாலும் கன்னடத்தில் சொன்னாலும் உருதுவில் சொன்னாலும் அங்கே காது கொடுத்தார்கள். கேட்டதெல்லாம் நடந்துவிடவில்லை. ஆனால், "நேற்று ஆள் அனுப்புவதாகச் சொன்னீர்களே?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்க முடிந்தது. மறுபடியும் ஓட்டுக் கேட்டு எங்கள் சந்துக்குள் வந்தாக வேண்டியவரிடம் அப்படிக் கேட்கலாம்.

2020 செப்டம்பர் 10 அன்று நாங்கள் தேர்ந்தெடுத்த மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243யூ பிரிவு சொல்கிறது. நடந்தது வார்டுகளை எண்ணும் வேலைதான். 198 என்பது 243 ஆனது, பிறகு 225 ஆனது. 2025 செப்டம்பர் 2 முதல் ஒரு மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது. இப்போது மொத்தம் 369 வார்டுகள், எங்கள் மத்திய மாநகராட்சிக்கு 63. 2025ஆம் ஆண்டும் முடிந்துபோனது. அதுவரை ஒரு வார்டில்கூடத் தேர்தல் நடக்கவில்லை.

சந்து முனையில் சாக்கடையை மூடியிருந்த கல் மழைக்காலத்தில் இரண்டாக உடைந்தது. அடுத்த வீட்டுப் பையன் பள்ளிச் சீருடையோடு முழங்கால்வரை உள்ளே போய்விட்டான். அவன் ஷூவைத் தேடி நான்தான் கைவிட்டேன், கிடைக்கவில்லை. ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை அலைந்தேன். மூன்று முறையும் வேறு வேறு அதிகாரி. மூன்று முறையும் முதலிலிருந்து கதை சொன்னேன். கடைசியில் நாங்களே பணம் போட்டுக் கல் வாங்கிப் போட்டோம்.

அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்து 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. "அவரே பொறுத்திருந்தார், நாமும் பொறுப்போம்" என்கிறார் அம்மா. எனக்கு அந்தப் பொறுமை இல்லை. சிலைக்கு வீட்டில் பள்ளி போகும் பிள்ளைகள் கிடையாது.

புதிய வார்டு எல்லைகள் வெளியானபோது எங்கள் சந்து எதில் வருகிறது என்று பார்த்து அம்மாவிடம் சொன்னேன்.

"தேதி போட்டுவிட்டார்களா?"

"இல்லை அம்மா."

அட்டையை எடுத்து முந்தானையால் துடைத்தார். இந்த முறை ரேஷன் அட்டைக்கு மேலே வைத்தார்.