பெர்லின்: ஒரே டிக்கெட்டில் இரண்டு நகரம்

பெர்லின் ரயில் நிலையங்களில் நம்மை நிறுத்தி டிக்கெட் கேட்கும் தானியங்கிக் கதவுகள் கிடையாது. தெருவிலிருந்து படியிறங்கினால் நேராக நடைமேடைதான். அதற்காக டிக்கெட் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். மெஷினில் எடுத்த காகித டிக்கெட்டை நடைமேடையில் நிற்கும் சின்னப் பெட்டிக்குள் செருக வேண்டும். ‘டக்’கென்று நேரமும் தேதியும் பதியும். அந்த முத்திரை இல்லையென்றால் டிக்கெட்டே எடுக்காத மாதிரிதான். பரிசோதகர்கள் சாதாரண உடையில் ஏறுவார்கள். சிக்கினால் 60 யூரோ. ஊருக்குப் புதிது என்று சொன்னால் எடுபடாது.

நகரை ஏ, பி, சி என்று மூன்று வளையங்களாகப் பிரித்திருக்கிறார்கள். விமான நிலையம் சி வளையத்தில் இருப்பதால் வந்து இறங்கும் அன்றைக்கும் திரும்பும் அன்றைக்கும் மட்டும் ஏபிசி டிக்கெட் எடுங்கள். ஊருக்குள் சுற்ற ஏபி போதும். ஒற்றை டிக்கெட் 2 மணி நேரம் செல்லும். எஸ்-பான் (நகர ரயில்), யூ-பான் (சுரங்க ரயில்), டிராம், பேருந்து என்று எத்தனை முறை வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம், ஆனால் போன வழியே திரும்ப முடியாது. வான்சே ஏரியைக் கடந்து கிளாடோவுக்குப் போகும் படகுக்கும் இதே டிக்கெட்தான்!

யாரைக் கேட்டாலும் 100ஆம் எண் பேருந்தைத்தான் சொல்வார்கள். மாடிப் பேருந்து, முன்சீட்டு கிடைத்தால் நாடாளுமன்றக் கட்டடமெல்லாம் பார்க்கலாம். நல்ல வழிதான். ஆனால் பெர்லினைப் புரிந்துகொள்ள நான் சொல்வது யூ8 சுரங்க ரயில்.

மஞ்சள் நிறப் பெட்டிகள். ஜன்னல் கண்ணாடியில் பிராண்டன்பர்க் வாயிலின் உருவம் சின்னச் சின்னதாக நிறைந்திருக்கும். ரோசன்தாலர் பிளாட்ஸ் வந்தால் சுவரெல்லாம் ஆரஞ்சு ஓடுகள். அலெக்சாண்டர் பிளாட்ஸில் நீலமும் பச்சையும் கலந்த நிறம். கதவு திறக்கிறது, கூட்டம் ஏறுகிறது, இறங்குகிறது. 1961க்கும் 1989க்கும் இடையில் இந்த யூ8 நடைமேடைகளில் ஒரு ரயிலும் நின்றதில்லை.

அப்போது ஜெர்மனியைப் போலவே பெர்லினும் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரிந்திருந்தது. யூ8 தொடங்குவதும் முடிவதும் மேற்கு பெர்லினில். நடுவில் ஒரு துண்டு மட்டும் கிழக்கு பெர்லினின் அடியில் போகிறது. 1961 ஆகஸ்டில் இரண்டுக்கும் நடுவே சுவர் எழுந்ததும் கிழக்கு அரசு அந்த நிலையங்களின் வாசல்களை அடைத்துவிட்டது. மேற்கின் ரயில்கள் மட்டும், கிழக்குக்குப் பணம் கட்டிவிட்டு, உள்ளே ஓடிக்கொண்டிருந்தன. மங்கலான விளக்கில் ஆயுதக் காவலர்கள் நிற்கும் நடைமேடைகளை ரயில்கள் வேகம் குறைத்துக் கடந்துபோகும். பேய் நிலையங்கள் என்று பெயர். மேலே நடந்த கிழக்கு பெர்லின்வாசிகளுக்குக் காலடியில் ரயிலின் அதிர்வு மட்டும் தெரியும். அவர்களுடைய வரைபடத்தில் அந்தத் தடமே இல்லை. சுவர் திறந்த இரண்டாம் நாள், 1989 நவம்பர் 11 அன்று, முதலில் திறந்த பேய் நிலையம் இதே தடத்தில் இருக்கும் யானோவிட்ஸ்புருக்க.

இதைப் பற்றி நார்ட்பான்ஹோஃப் எஸ்-பான் நிலையத்துக்குள்ளேயே ஒரு கண்காட்சி வைத்திருக்கிறார்கள். பழைய படங்களும் வரைபடங்களும் இருக்கின்றன. காவலர்களே சுரங்கம் வழியாகத் தப்பிவிடக் கூடாது என்று அவர்களை இருவர் இருவராக நிறுத்தியிருக்கிறார்கள், ஒருவர் மற்றவரைக் கண்காணிக்க! நான் அங்கே ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். பக்கத்திலேயே பெர்னாவர் ஸ்ட்ராசேயில் சுவர் நினைவிடம். இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள்.

அப்புறம் டிராம். வரைபடத்தை விரித்தால் டிராம் தடங்கள் பெரும்பாலும் கிழக்குப் பக்கத்திலேயே அடர்ந்திருப்பது தெரியும். மேற்கு பெர்லின் 1967இல் டிராமை முழுக்க நிறுத்திவிட்டது, கிழக்கு விடவில்லை. 1995இல்தான் தண்டவாளம் மறுபடி மேற்கே போனது. போர்ன்ஹோல்மர் ஸ்ட்ராசேயில் எம்13 டிராமில் ஏறி அங்கிருக்கும் இரும்புப் பாலத்தைக் கடந்து பாருங்கள். 1989 நவம்பர் 9 இரவில் முதலில் திறந்த எல்லைச் சாவடி அங்கேதான் இருந்தது. இன்றைக்கு அதே இடத்தில் பள்ளிப் பிள்ளைகள் புத்தகப்பையோடு டிராமில் போகிறார்கள்.

நம்மவர்கள் தவறாமல் இறங்க வேண்டிய நிலையம் ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராசே. சுவர்க் காலத்தில் கிழக்குக்குள் இருந்தபடியே மேற்கு ரயில்களும் நின்று போன நிலையம் அது. 1980களின் முதற்பாதியில் ஈழத்தமிழர்கள் பலர் கிழக்கு ஜெர்மனியின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, இடைவழி விசாவோடு இங்கே வந்து, மேற்கே போகும் ரயிலில் ஏறினார்கள். கிழக்கு, மேற்கு பெர்லினுக்கு நடுவில் இருந்த எல்லையை நாட்டெல்லையாக மேற்கு ஒப்புக்கொள்ளாததால் அந்தப் பக்கம் பாஸ்போர்ட் கேட்க ஆள் இல்லை. 1985இல், மேற்கு ஜெர்மனி விசா இல்லாத இலங்கையரை இப்படி அனுப்புவதில்லை என்று கிழக்கு அரசு ஒப்புக்கொண்டது. அத்தோடு வழி அடைபட்டது. இன்றைய விமான நிலையம் பழைய ஷோனஃபெல்டை ஒட்டியே இருக்கிறது. எஸ்9 ஏறினால் மாறாமல் ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராசே வந்துவிடலாம். நிலையத்தை ஒட்டி, கிழக்கை விட்டுப் போகிறவர்களைச் சோதித்த கண்ணாடி மண்டபம், ‘கண்ணீர் மாளிகை’, இப்போது அருங்காட்சியகம். அனுமதி இலவசம்.

பிரிட்ஸ் பகுதியில் இருக்கும் மயூரபதி முருகன் கோயிலில் பெரியவர் ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். “தம்பி, நாங்களும் அந்த ஸ்டேஷனாலதான் வந்தனாங்கள்” என்றார். எந்த நடைமேடை, எந்தப் படி என்பதுவரை அவருக்கு நினைவிருந்தது. கைவிரலால் மேசையில் கோடு போட்டுக் காட்டினார்.

கோயிலுக்குப் போக யூ8இல் ஹெர்மான் பிளாட்ஸ் வரை வந்து யூ7க்கு மாறுங்கள். ருடோவ் பக்கம் போகும் ரயிலில் ஐந்தாவது நிலையம், பிளாஷ்கோ அலே. ஏபி டிக்கெட் போதும். முத்திரை குத்த மறக்காதீர்கள்.