வீட்டுக்குள் மட்டும் இயங்கும் வலைத்தளங்கள்: பழைய மடிக்கணினியைச் சர்வராக்கிய அனுபவம்

எங்கள் வீட்டிலுள்ள கைபேசிகளிலும் கணினிகளிலும் மட்டும் திறக்கக்கூடிய இரண்டு வலைத்தளங்கள் தேவைப்பட்டன. ஒன்று, அம்மாவின் சமையல் குறிப்புகளை எழுதிவைப்பதற்கான வேர்ட்பிரஸ் தளம். மற்றொன்று, குடும்பப் புகைப்படங்களை ஆண்டுவாரியாக அடுக்கிய சாதாரண எச்டிஎம்எல் பக்கங்கள். வெளியார் எவரும் பார்க்க வேண்டியிராத இவற்றுக்காக மாதக் கட்டணம் செலுத்தி இடம் வாங்குவானேன் என்று, அலமாரியில் கிடந்த 4 ஜிபி நினைவகம் கொண்ட மடிக்கணினியையே சர்வராக, அதாவது மற்றக் கருவிகள் கேட்கும் பக்கங்களை வழங்கும் கணினியாக, மாற்றத் தீர்மானித்தேன். பராமரிப்புக்காக அவ்வப்போது பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்படும் ஊரில், கணினி திடீரென்று அணைந்து கோப்புகள் கெடாமல் முறைப்படி நிறுத்துவதற்கான அவகாசத்தை அதன் பேட்டரி தரும் என்பதும் ஒரு காரணம்.

இயங்குதளமாக லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12ஐத் தேர்ந்தேன். நிறுவும்போது எந்தெந்த மென்பொருள்கள் வேண்டும் என்று கேட்கும் இடத்தில், டெஸ்க்டாப் சூழல்களுக்கான குறிகளை எல்லாம் நீக்கிவிட்டு, வெப் சர்வர், வேறொரு கணினியிலிருந்து இதை இயக்க உதவும் எஸ்எஸ்எச் சர்வர் ஆகிய இரண்டை மட்டும் குறித்தால் போதும். கணினி மறுபடி தொடங்கும்போதே அப்பாச்சி என்ற வெப் சர்வர் மென்பொருள் இயங்கிக்கொண்டிருக்கும். மடிக்கணினியின் மூடியைச் சாத்தினால் அது உறங்கிவிடும் என்பதால், மூடி, மின்பொத்தான் போன்றவற்றைக் கவனிக்கும் லாகின்ட் சேவையின் அமைப்புக் கோப்பில் மூடி தொடர்பான வரியை 'இக்னோர்' என்று மாற்றினேன். இந்த அளவில் அப்பாச்சியின் வரவேற்புப் பக்கம் கைபேசியில் தெரிந்துவிட்டது. சர்வர் அமைப்பது இவ்வளவுதானா என்று தோன்றும். வலைத்தளத்தை வழங்குவது உண்மையில் இவ்வளவு எளிதுதான். அந்தக் கணினியை வீட்டிலுள்ள மற்ற கருவிகள் என்றும் ஒரே முகவரியில், ஒரே பெயரில் கண்டடையச் செய்வதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது.

முதலில் முகவரி. வீட்டு ரௌட்டர் ஒவ்வொரு கருவிக்கும் 192.168 என்று தொடங்கும் ஓர் ஐபி முகவரியைத் தற்காலிகமாகக் கொடுக்கிறது. 1996இல் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற இணையத் தர ஆவணத்தின்படி இவை தனி வலையமைப்புகளுக்கென ஒதுக்கப்பட்டவை. பொது இணையத்தில் செல்லாதவை. ரௌட்டரை அணைத்துப் போட்டால் இந்த முகவரி மாறக்கூடும் என்பதால், ரௌட்டரில் முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் டிஎச்சிபி பகுதியில் மடிக்கணினியின் மேக் முகவரியை (வலையமைப்பு வன்பொருளின் அடையாள எண்ணை) குறித்து, 192.168.1.50 அதற்கே உரியது என்று நிலைப்படுத்தினேன். வைஃபைக்கும் லேன் கேபிளுக்கும் மேக் முகவரிகள் வேறு வேறு. எந்த வழியில் இணைக்கப்போகிறோமோ அதற்குரியதையே பதிய வேண்டும். நான் கேபிளைத் தேர்ந்தேன்.

இரண்டாவது தளம் வந்தபோது பெயரின் தேவை எழுந்தது. உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும்போது, எந்தத் தளத்தின் பக்கம் என்பதையும் 'ஹோஸ்ட்' என்ற வரியில் சேர்த்தே அனுப்புகிறது. ஒரே கதவிலக்கத்தில் இருக்கும் இரண்டு குடித்தனங்களுக்குத் தபால்காரர் பெயர் பார்த்துக் கடிதம் கொடுப்பதுபோல, அப்பாச்சி அந்த வரியைப் பார்த்து உரிய தளத்தைத் திறக்கிறது. வெறும் ஐபி முகவரியைத் தட்டினால் பெயர் ஏதும் பொருந்தாது. அகர வரிசையில் முதலாவதாக உள்ள அமைப்புக் கோப்பின் தளமே எப்போதும் வரும். ஆகவே ஒவ்வொரு தளத்துக்கும் சர்வர்நேம் வரியுடன் தனிக் கோப்பு எழுதி இயக்கியதோடு, வீட்டுக் கருவிகளுக்கு அந்தப் பெயர்களைத் தெரிவிக்கவும் வழி காண வேண்டியிருந்தது.

கணினிகளில், எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று குறித்துவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஆனால் கைபேசிகளில், ரூட் செய்யாமல் (முழு நிர்வாக உரிமை பெறாமல்) அந்தக் கோப்பைத் தொட முடியாது. எனவே அதே மடிக்கணினியில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு மென்பொருளை நிறுவி, அதையே வீட்டின் டிஎன்எஸ் சர்வராக, அதாவது ஒரு பெயருக்குரிய ஐபி முகவரியைச் சொல்லும் சர்வராக, ஆக்கினேன். பெயர்களுக்கு 'லோக்கல்' என்ற முடிவைப் பயன்படுத்தவில்லை. அது, டிஎன்எஸ் சர்வர் இல்லாமலே கருவிகள் ஒன்றையொன்று பெயரால் கண்டடையும் எம்டிஎன்எஸ் முறைக்கென ஒதுக்கப்பட்டது. வீட்டு வலையமைப்புகளுக்கென்றே 2018இல் ஆர்எஃப்சி 8375 ஒதுக்கிய 'ஹோம்.ஆர்பா' இருக்கும்போது சொந்தமாக ஒன்றைக் கற்பிக்கவும் வேண்டியதில்லை. ஆங்கில எழுத்துகளில் சமையல்.ஹோம்.ஆர்பா, படம்.ஹோம்.ஆர்பா என்று வைத்தேன். டிஎன்எஸ்மாஸ்க் அமைப்பில் 'அட்ரஸ்' என்று தொடங்கும் ஒரே வரி, ஹோம்.ஆர்பா என்று முடியும் எல்லாப் பெயர்களையும் 192.168.1.50க்குக் காட்டிவிடுகிறது. மற்றப் பெயர்களுக்கு அது 1.1.1.1 என்ற பொது டிஎன்எஸ் சர்வரைக் கேட்க வேண்டும் என்பதையும் வெளிப்படையாக எழுதினேன். ரௌட்டர் தரும் டிஎன்எஸ் முகவரி இப்போது இதே கணினி என்பதால், அது தன்னையே கேட்டுக்கொண்டிருக்கும் சுழலைத் தவிர்ப்பதற்காக.

ரௌட்டரின் டிஎச்சிபி பகுதியில் டிஎன்எஸ் முகவரியை மாற்றிய பிறகும் சில கைபேசிகளில் பெயர் திறக்கவில்லை. காரணம் கருவிக்குக் கருவி வேறாக இருந்தது. ஒரு கைபேசியில் பிரைவேட் டிஎன்எஸ் என்ற அமைப்பில் வெளி நிறுவனம் ஒன்றின் பெயர் பதிவாகியிருந்ததால், அது வீட்டு டிஎன்எஸ்ஸைக் கேட்கவே இல்லை. மற்றொன்றில் உலாவியின் 'செக்யூர் டிஎன்எஸ்' தேர்வு குறுக்கே நின்றது. கண்டுபிடிக்கக் கடினமாக இருந்தது மூன்றாவதுதான்: ரௌட்டர் புதிய முகவரி முறையான ஐபிவி6 வழியாகத் தனியே ஒரு டிஎன்எஸ் முகவரியை அறிவித்துக்கொண்டிருந்தது, கைபேசி சில நேரம் இதையும் சில நேரம் அதையும் கேட்டதால், தளம் திறப்பதும் திறக்காததுமாக இருந்தது. அந்த அறிவிப்பை ரௌட்டரில் நிறுத்தியதும் சரியாயிற்று. விருந்தினர் வைஃபையில் இணைந்த கருவிகளுக்கு இந்தத் தளங்கள் தெரிவதில்லை. அந்த வைஃபை மற்றக் கருவிகளிலிருந்து பிரித்தே வைக்கப்பட்டிருக்கிறது. அது நல்லதே.

வேர்ட்பிரஸை இவை எல்லாம் முடிந்த பிறகே நிறுவினேன். அது தன் தள முகவரியைத் தரவுத்தளத்திலேயே எழுதிவைத்துக்கொள்வதால், ஐபி முகவரியில் நிறுவிப் பின்னர் பெயருக்கு மாறினால் இணைப்புகள் பழைய முகவரிக்கே இழுத்துச் செல்லும். வேர்ட்பிரஸின் தரவுத்தள மென்பொருளான மரியாடிபி டெபியனில் தொடக்கத்திலேயே 127.0.0.1இல் மட்டும் காது கொடுப்பதால் தரவுத்தளத்துக்கு வெளியிலிருந்து எவரும் வர வழியில்லை. யுஎஃப்டபிள்யூ தீயரணில் 22, 53, 80 ஆகிய போர்ட்களை (முறையே எஸ்எஸ்எச், டிஎன்எஸ், வலைத்தளம் ஆகியவற்றுக்கான வாயில்களை) வீட்டு முகவரிகளுக்கு மட்டும் திறந்தேன். உலாவி 'பாதுகாப்பற்றது' என்று காட்டத்தான் செய்கிறது, ஹோம்.ஆர்பா பெயர்களுக்குப் பாதுகாப்பான இணைப்புக்கான பொதுச் சான்றிதழ் கிடைக்காது, இந்தப் பயன்பாட்டுக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. மடிக்கணினி அணைந்திருந்தால் சமையல் குறிப்பு மட்டுமல்ல, வீட்டில் எவருக்கும் இணையமே திறக்காது. இரண்டாவது டிஎன்எஸ்ஸாக வெளி முகவரி ஒன்றைக் கொடுத்தால் பழைய தடுமாற்றம் திரும்பும் என்பதால் அதைச் செய்யவில்லை. மாறாக, ரௌட்டரில் டிஎன்எஸ் முகவரியைத் தற்காலிகமாக மாற்றும் முறையைத் தமிழில் ஒரு தாளில் எழுதி ரௌட்டரின் அருகில் ஒட்டிவைத்திருக்கிறேன். நான் ஊரில் இல்லாதபோது தங்கை அதைப் பார்த்தே செய்துவிடுகிறாள்.