பதிலோடு காரணமும் சொல்லுங்கள்

தொழில்நுட்பக் கேள்வி ஒன்று வந்ததும், "இந்தக் கமாண்டை ஓட்டிப் பாருங்கள்" என்று ஒற்றை வரியில் பதில் போடத்தான் கை முதலில் போகும். பிரச்சினை தீர்ந்தும் போகலாம். ஆனால் ஏன் தீர்ந்தது என்று கேட்டவருக்கே தெரியாது. அதே பிழையைத் தேடிக்கொண்டு பிறகு வருபவருக்கு, தன் சர்வருக்கும் அது பொருந்துமா என்று தெரிய வழியே இல்லை.

லினக்ஸ் சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெரிய லாக் ஃபைலை அழித்தாயிற்று, டிஸ்க்கில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் (df) கமாண்ட் இன்னும் 100% என்றே காட்டுகிறது. "அடுத்து எந்த ஃபைலை அழிக்கலாம்?" என்று கேட்கிறார் ஒருவர். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால், தேவையான எதையாவது அழித்துவிட்டு நிற்பார். உண்மையில் போனது ஃபைலின் பெயர் மட்டுமே. அதைத் திறந்து வைத்திருக்கும் புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) மூடாதவரை லினக்ஸின் மையமான கெர்னல் அந்த இடத்தை விடுவிக்காது. கண்ணுக்குத் தெரியும் ஃபைல்களின் அளவை டியூ (du) கமாண்ட் கூட்டிச் சொல்லும்போது அது டிஎஃப் காட்டுவதைவிட மிகக் குறைவாக இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் (lsof) கமாண்டுடன் +எல்1 (+L1) சேர்த்து, ரூட்டாக, அதாவது முழு அதிகாரம் உள்ள யூசராக, ஓட்டினால், அழித்த பிறகும் திறந்தே கிடக்கும் ஃபைல்களும் அவற்றைப் பிடித்திருக்கும் புராசஸும் தெரியும். அந்தச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸின் லாகை இனிமேல் அழிக்காமல், ஃபைலை வைத்துக்கொண்டே உள்ளடக்கத்தை மட்டும் நீக்கும் டிரங்கேட் (truncate) மூலம் காலி செய்வது நல்லது.

இதில் பலருக்கு உதவப்போவது "பெயர் மட்டும்தான் போனது" என்ற வரி. டிஎஃப் இடம் இருப்பதாகக் காட்டியும் புதிய ஃபைல் எழுத முடியாதவர், தன் சிக்கல் வேறு என்று அதைப் படித்தே புரிந்துகொள்வார். அவர் டிஎஃப் கமாண்டுடன் -i சேர்த்து ஓட்டி, ஒவ்வொரு ஃபைலுக்கும் தேவைப்படும் பதிவான ஐநோடு தீர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். குட்டிக் குட்டி செஷன் ஃபைல்கள் லட்சக்கணக்கில் சேர்ந்தால் அப்படி ஆகும்.

காரணம் சொல்லாத பதில்களில் மோசமானது "சிமோட் 777" (chmod 777), அதாவது யார் வேண்டுமானாலும் படிக்க, எழுத, ஓட்ட அனுமதி கொடுத்துவிடுவது. பர்மிஷன் பிழை மறையும், ஓட்டை திறந்துவிடும். ஹோம் டைரக்டரி முழுக்க அதைப் போட்டால், நன்றாக இருந்த எஸ்எஸ்ஹெச் கீ லாகினும் (பாஸ்வேர்டுக்குப் பதில் கீ ஃபைலைக் கொண்டு சர்வருக்குள் நுழைவது) நின்றுபோகும். பிறர் எழுதக்கூடிய டைரக்டரியில் இருக்கும் கீயை ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சர்வர் வழக்கமான அமைப்பில் நம்பாது. கீகள் இருக்கும் டாட் எஸ்எஸ்ஹெச் (.ssh) டைரக்டரிக்கு 700, பிரைவேட் கீக்கு 600, இரண்டிலும் உரிமையாளருக்கு மட்டுமே அனுமதி என்று எழுத அரை நிமிடம் ஆகாது. இந்த இடத்தில் அவசரப்படுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

விவரம் போதாவிட்டால் கேட்க வேண்டும். ஆனால் பத்துக் கேள்வி கேட்டால் புதியவர் திரும்பி வரமாட்டார். பிழைச் செய்தி முழுவதும் எழுத்தாக, வெர்ஷன், கடைசியாக மாற்றியது என்ன: பெரும்பாலும் இந்த மூன்றே போதும். பைத்தானில் "மாட்யூல் இல்லை" என்றால், எந்த பைத்தானில் இன்ஸ்டால் ஆனது என்பதை முதலில் பார்க்கச் சொல்லலாம். புரோகிராமை ஓட்டும் அதே பைத்தானோடு -எம் பிப் (-m pip; பிப் என்பது மாட்யூல்களை இன்ஸ்டால் செய்யும் கருவி) சேர்த்து இன்ஸ்டால் செய்தால் அந்தக் குழப்பம் வராது.

எந்த வெர்ஷனில் சோதித்தீர்கள் என்பதையும் பதிலிலேயே எழுதுங்கள். சோதிக்கவில்லை என்றால் அதையும் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.