பூட்டு போட்டால் மிச்சமாகிவிடுமா?

ஒரு ராணுவத் தளத்தை மூடினால் செலவு குறையும் என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவின் 2005 தளமூடல் திட்டத்தின் கணக்கைப் பார்த்த பிறகு மனசு ஆறவில்லை.

தொடங்கும்போது சொன்ன செலவு 2,100 கோடி டாலர். 2011இல் முடிந்தபோது ஏறத்தாழ 3,500 கோடி. கூடியதில் பெரும்பகுதி கட்டுமானத்தில் போனது. ஒரு இடத்தை மூடினால் அங்கிருந்த ஆட்களுக்கும் கருவிகளுக்கும் வேறெங்கோ புதுக் கட்டடம் எழுப்பியாக வேண்டுமே! 20 ஆண்டுகளில் 3,600 கோடி மிச்சமாகும் என்றார்கள். அந்த மதிப்பீடு பிறகு 1,000 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது.

என்னை மிகவும் உறுத்துவது நியூ ஜெர்சியில் மூடப்பட்ட ஃபோர்ட் மான்மத் ராணுவத் தளம். அங்கிருந்த தகவல்தொடர்பு ஆய்வுப் பணிகளை மேரிலாந்துக்கு மாற்றினார்கள். வீடு, பிள்ளைகளின் பள்ளி, துணைவரின் வேலை எல்லாவற்றையும் விட்டுப் போக எத்தனை பேரால் முடியும்? அனுபவசாலிகள் பலர் போகவில்லை. அவர்களோடு கைநழுவிப் போன அறிவுக்கு எந்தப் பட்ஜெட்டில் இடம் ஒதுக்குவது?

மண்ணிலும் நிலத்தடி நீரிலும் கலந்த எரிபொருள், ரசாயனக் கழிவு வேறு. அதை அகற்றப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. தளம் திறந்திருந்தாலும் அந்தப் பொறுப்பு உண்டு என்பதால், மூடும் முடிவுக்கான ஒப்பீட்டில் அந்தச் செலவைச் சேர்ப்பதில்லை. எனக்கு இது சரியாகப் படவில்லை. சுற்றியிருக்கும் ஊர்க்காரர்கள் அந்த நிலத்துக்காகத்தானே வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள்?